குரலக்காவின் ஐந்தாவது ஜன்னல்

காது கேட்கும் கருவி விற்கிற கம்பெனி அது. கருவியில் கோளாறு என்றால் கூப்பிடுங்கள் என்று பெட்டியின் மேல் ஒரு போன் நம்பரை அச்சடித்து, பதினோரு வருடம் அதையே ஓட்டினார்கள். காது கேட்காதவரிடம், அதிலும் கருவி கெட்டுப்போய் உட்கார்ந்திருப்பவரிடம், "போன் பண்ணுங்க, பேசிக்கலாம்" என்று சொன்ன அந்த மகானுபாவர் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலும் மகனோ மருமகளோதான் கூப்பிடுவார்கள். "இருங்க, அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று போனை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கத்துவார்கள். அந்தக் கத்தல் இந்தப் பக்கம் கணீரென்று கேட்கும்.

அந்தப் போன்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்திதான் குரலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் ஆபீசில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் குரல் அப்படி. சண்டை போடுவதற்கென்றே கூப்பிட்டவர்கள், கடைசியில் அவள் சாப்பிட்டாளா என்று விசாரித்துவிட்டுப் போனை வைப்பார்கள். அவள் சொல்வது என்னவோ மற்றவர்கள் சொல்கிற அதே ரெண்டு வரிதான். "கவலைப்படாதீங்க, நான் பாக்கிறேன்." இதை ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொன்னாலும் அறுபது விதமாகச் சொல்வாள். அழுகிறவருக்கு ஒரு மாதிரி, அதட்டுகிறவருக்கு ஒரு மாதிரி.

பன்னிரண்டாம் வருடம் கம்பெனிக்கு ஞானோதயம் பிறந்தது. போனை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் எழுத்துக்கு மாற்றினார்கள். கருவி வாங்கியவர் தன் போனில் டைப் அடிப்பார், இவர்கள் கம்ப்யூட்டரில் பதில் அடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஸ்கிரீனில் நாலு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் ஓர் ஆள். நியாயமான ஏற்பாடுதான், யார் இல்லையென்றார்கள்? குரலக்காவுக்கு மட்டும், பாடகியைக் கூப்பிட்டு "நீங்க பாட வேண்டாம்மா, பாட்டை எழுதிக் கொடுங்க போதும்" என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

முதல் மாதம் மானம் கப்பலேறியது. வாடிக்கையாளர்கள் போடுகிற மதிப்பெண்ணில் மொத்தத் தளத்திலும் அவள்தான் கடைசி. ஒரே நாளில் ஒன்பது பேர் அவளிடம், "நீ மெஷின்தானே?" என்று கேட்டார்கள். ஒருவர், "மனுஷங்க யாராவது இருந்தா வரச் சொல்லு" என்று எழுதினார். "நான் மனுஷிதாங்க" என்று பதில் அடித்தாள். "மெஷினும் இப்படித்தான் சொல்லும்" என்று போட்டுவிட்டு அவர் ஜன்னலை மூடிவிட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் கழிவறைக்குப் போய் அழுதிருப்பாள். குரலக்காவும் முதல் நாள் அழுதாள், பொய் எதற்கு? ரெண்டாம் நாளிலிருந்து அவளுக்கு அழுகையைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. எதை வைத்து என்னை மெஷின் என்று முடிவு கட்டுகிறார்கள்? சாப்பாட்டு நேரத்தில் தன் பழைய உரையாடல்களைத் திறந்து, கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்தாள். பத்தாவதைப் படிக்கும்போது அவளுக்கே உறைத்தது. அறுபது விதமாகச் சொல்லிக்கொண்டிருந்த "கவலைப்படாதீங்க", எழுத்தில் அறுபது தடவையும் ஒரே மாதிரி ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல் கிடந்தது. குரலைக் கழித்துவிட்டால் அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் அதை வைத்தா பிழைத்தோம் என்று இருந்தது அவளுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சோதனை நடந்தது. அவளுடைய வீட்டுக்காரர் பம்பு பழுது பார்க்கிறவர். பேச்சில் சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். அவரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, தான் சமையலறையில் நின்றுகொண்டு, "இன்னைக்கு முழுக்க மெசேஜ்லதான் பேசணும், வாயைத் திறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு ஒரு கஷ்டமா?

"காலைச் சாப்பாடு எப்படி இருந்துச்சு? உப்பு கூடவா? மத்தியானத்துக்கு என்ன பண்ணட்டும்? உங்க அண்ணன் வராரா?" என்று அனுப்பினாள்.

"ம்" என்று பதில் வந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நிமிஷம்" என்று மட்டும் அனுப்பிவிட்டு இருபது நிமிடம் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். பிறகு, "ம்னா என்ன?" என்று அனுப்பினாள்.

"ம்னா ம்" என்று வந்தது.

விதியை மீறிக் கூடத்துக்கே போய்விட்டாள். "நாலு கேள்வி கேட்டா ஒரு ம் போடுவீங்களா? அவ்வளவு இளக்காரமா நான்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம். "கடைசிக் கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும்? அண்ணன் வராருன்னு சொன்னேன். நாலையும் மேல போய்ப் போய்ப் படிச்சா எதைக் கேட்டன்னே மறந்துபோகுது. அப்புறம், 'ஒரு நிமிஷம்'னு போட்டுட்டு இருபது நிமிஷம் காணாமப் போனியே, நான் போனை வெச்சுட்டுக் குளிக்கப் போறதா, உக்காந்திருக்கிறதா?"

அடப்பாவி மனுஷா என்று நினைத்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். ஆனால் அந்தப் பேச்சில் விஷயம் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவள் மாறினாள். ஒரு மெசேஜுக்கு ஒரே கேள்வி. "ஒரு நிமிஷம்" என்பதையே விட்டுவிட்டாள். "ஆறு நிமிஷம் ஆகும், உங்க பழைய சீட்டைத் தேடணும், நீங்க போனை வெச்சுடலாம்" என்று எழுதுவாள். ஆறு என்றால் ஆறுதான். கிடைக்காவிட்டாலும் ஆறாவது நிமிடம் வந்து, "இன்னும் கிடைக்கலை, இன்னொரு நாலு" என்பாள். கவலைப்படாதீர்கள் என்று மட்டும் மறந்தும் எழுத மாட்டாள். எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்து எழுதுவாள். மூன்று மாதத்தில் மதிப்பெண் ஏறியது. மெஷினா என்று கேட்கிற ஆட்களும் குறைந்தார்கள்.

ஜன்னல்களைச் சமாளிக்க அவளே ஒரு வழி வைத்திருந்தாள். கீபோர்டுக்கு மேலே, ஜன்னல் இருக்கிற அதே வரிசையில், மடித்த அட்டைகளை நிறுத்தி வைப்பாள். ஒவ்வோர் அட்டையிலும் ரெண்டே வரி. கையில் என்ன இருக்கிறது, மனதில் என்ன பயம். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் ரெண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த அட்டையை ஒரு தடவை படிப்பாள். அதன் பிறகுதான் டைப். பக்கத்து மேஜைப் பெண்கள், "அக்கா கச்சேரி முடிச்சுட்டாங்க, கை தட்டுங்கடி" என்று கிண்டலடிப்பார்கள். அடித்தால் அடித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவாள். மண்டைக்குள் நாலு பேரைக் குடிவைத்தால் நாலு பேரும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள் என்பது அவள் கண்ட உண்மை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேற்பார்வையாளர் வந்து, இன்று முதல் ஆளுக்கு ஐந்து ஜன்னல் என்று அறிவித்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவர் அவளை எப்போதும் அக்கா என்பார். அவள் கூட்டத்தில் அவரைச் சார் என்பாள், கோபம் வந்தால் தம்பி என்பாள்.

"நாலே முட்டுது தம்பி" என்றாள்.

"சோதனைதான் அக்கா, ரெண்டு வாரம். ஒண்ணு கூடினா என்ன ஆயிடப்போகுது?"

என்ன ஆகும் என்பது அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.

பன்னிரண்டு நாற்பதுக்கு மூன்றாவது ஜன்னலில் ஒருவர் வந்தார். "மனுஷன் இருந்தா மட்டும் பேசு. இல்லைன்னா நேரத்தை வீணாக்காதே" என்பது அவருடைய முதல் வரி. போன வாரம் இதே இடத்தில் வேறு யாரோ, "ரெண்டு நிமிடத்தில் வருகிறேன்" என்று எழுதிவிட்டுத் திரும்பி வரவே இல்லையாம். விவரம் மெதுவாகத்தான் வந்தது. கட்டடம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பதினெட்டு வருட வேலை. இடது காது மந்தம், கருவி போட்டுக்கொண்டுதான் மேலே ஏறுகிறார். வருடத்துக்கு ஒரு தடவை டாக்டர் காதைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சோதனை இன்றைக்கு மூன்று மணிக்கு. காலையிலிருந்து இடது கருவியில் சத்தமே மங்கல். கையெழுத்து இல்லையென்றால் கிரேனிலிருந்து இறக்கிக் கீழே சிமெண்ட் மூட்டை எண்ண விட்டுவிடுவார்கள், ஏற்கெனவே அந்த இடத்துக்கு ரெண்டு பேர் கண் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பதினோரு மெசேஜில், ஒவ்வொன்றும் மூன்று வார்த்தையாக வந்தது.

அவள் அட்டையில் எழுதினாள். "இடது. மூன்று மணி. ரெண்டே காலுக்குக் கிளம்பணும். பயம்: ஏமாத்திட்டுப் போயிடுவாங்க."

கோளாறு சின்னதுதான் என்று அவளுக்குப் பட்டது. கருவியின் நுனியில் கடுகளவு வடிகட்டி ஒன்று இருக்கும், அதில் காதழுக்கு அடைத்தால் சத்தம் மங்கிப்போகும். பெட்டியிலேயே மாற்று வடிகட்டி இருக்கிறது. அவள் ஒவ்வொரு படியாகச் சொன்னாள். ஒவ்வொரு படிக்கும் அவர் மூன்று கேள்வி கேட்டார். எதுக்கு? உடைஞ்சா யார் பொறுப்பு? நீங்க இதைப் பண்ணிப் பாத்திருக்கீங்களா? அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். நான் பண்ணியதில்லை, மாடியில் இருக்கிற கருவி அறைக்காரர் பண்ணுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விகள் மூன்றிலிருந்து ரெண்டாகி, ரெண்டிலிருந்து ஒன்றாகின. வடிகட்டியை மாற்றிவிட்டு, "போட்டாச்சு. அடுத்து?" என்றார். எதிராளியின் மனசு இளகுவதை எழுத்தில் பார்க்க முடிகிறதே என்று அவளுக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு.

அந்த நேரம் பார்த்து ஐந்தாவது ஜன்னல் மின்னியது. ஒரு பெண்மணி, அன்றைக்குத்தான் புதுக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார், அது போனோடு சேரவில்லை. அதற்கு ஒரே வழி, கருவிக்குள் பதிந்திருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாக்குவது. புதுக் கருவிதானே, உள்ளே இழக்க ஒன்றும் இல்லை. முதல் ஜன்னல் காத்துக்கொண்டிருந்தது, ரெண்டாவது கத்திக்கொண்டிருந்தது, நாலாவதில் ஒருவர் "சரி சரி" என்று ரெண்டு தடவை போட்டிருந்தார். ஒரு சரி போட்டால் சம்மதம், ரெண்டு போட்டால் கொதிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கையை மடியில் வைக்க நேரமில்லை. அட்டையைப் படிக்கவும் நேரமில்லை. விரல் தானாக அடித்தது. "பட்டனை எட்டு விநாடி அழுத்திப் பிடிங்க. விளக்கு ரெண்டு தடவை மின்னினதும் விடுங்க."

பதில் உடனே வந்தது. "மின்னிடுச்சு."

மூன்றாவது ஜன்னலிலிருந்து.

ஒவ்வொரு படிக்கும் எதுக்கு எதுக்கு என்று குடைந்த மனிதர், கேள்வியே கேட்காமல் செய்த முதல் காரியம் இது. அவர் காதுக்கென்று கிளினிக்கில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றிய அளவுகள் அத்தனையும் அந்த எட்டு விநாடியில் துடைத்துக்கொண்டு போய்விட்டன.

அடுத்த வரிதான் அவளை இன்னும் கொன்றது. "அட! சத்தம் பளிச்சுனு வருதே! ரொம்ப நன்றிம்மா. சீக்கிரமே கிளம்பிடறேன்."

வரத்தான் செய்யும். வடிகட்டி புதிது. அளவு இல்லாத கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும், கேட்பதற்குப் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டரின் அறையில் மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கும்போது அவர் திருதிருவென்று விழிப்பார். அப்போதுதான் அவருக்குத் தெரியவரும். ஏன் என்று ஒருபோதும் தெரியவராது.

கம்பெனியில் ஆறாம் விதி என்று ஒன்று உண்டு. நம் பக்கத் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது. எழுதியது அழியாது, நாளைக்கு யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்கென்றே ஒரு தயார் வாக்கியம் இருக்கிறது, ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும். "தங்கள் சாதனத்தில் எதிர்பாராத மாற்றம் நிகழ்ந்துள்ளது." ஏதோ கருவி தானாக எழுந்து போய் மாறிக்கொண்டு வந்த மாதிரி! அதைக்கூட அனுப்ப வேண்டியதில்லை. அவர் சந்தோஷமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். வாழ்த்துகள் என்று போட்டுவிட்டு ஜன்னலை மூடினால் ஐந்து நட்சத்திரம் நிச்சயம்.

அவள் ரெண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அட்டையைப் படித்தாள். பிறகு அடித்தாள்.

"கிளம்பாதீங்க."

"பட்டனை அழுத்தச் சொன்ன மெசேஜ் உங்களுக்கு அனுப்ப வேண்டியது இல்லை. வேறு ஒருத்தருக்கு அனுப்ப வேண்டியதை மாத்தி உங்களுக்கு அனுப்பிட்டேன். என் தப்பு."

"உங்க கருவியில கோளாறு இல்லை. ஆனா உங்க காதுக்கு வெச்ச அளவெல்லாம் அதனால அழிஞ்சுபோச்சு. இப்படியே போனா சோதனையில தேற மாட்டீங்க."

மூன்று மெசேஜுக்குக் கீழேயும் படித்ததற்கான குறி விழுந்தது. பதில் இல்லை.

மணி ஒன்று பத்து. அவள் கையைத் தூக்கி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். வந்தவர் ஸ்கிரீனைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன அக்கா இது, எழுத்துல போட்டு வெச்சிருக்கீங்க!"

"அப்புறம் நிறுத்தி வெச்சுத் திட்டுங்க தம்பி. இப்ப மத்த நாலையும் நீங்க எடுத்துக்கோங்க. அஞ்சாவதுல இருக்கிற அம்மாவுக்குத்தான் அந்தப் பட்டன் மெசேஜ் போகணும். இந்தாங்க அட்டை. யாருகிட்டயும் முதல்லேர்ந்து கதை கேக்காதீங்க, எல்லாம் இதுல இருக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அட்டைகளைப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் கிளினிக்குக்குப் போன் போட்டாள். ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பாட்டு இடைவேளை, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாடிக்கு ஓடினாள். கருவி அறைக்காரர் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டுப் பழைய கோப்புகளைத் தேடத் தொடங்கினார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது ஜன்னல் இன்னும் அப்படியேதான் இருந்தது.

போனில் இப்படி ஒரு மௌனம் வந்தால் அவளுக்குப் படிக்கத் தெரியும். மூச்சுச் சத்தத்திலேயே ஆள் கோபமா, அழுகையா, போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாரா என்று சொல்லிவிடுவாள். இதில் என்ன இருக்கிறது? வெள்ளைத் திரையும் ஒரு குறியும். கிளம்பிப் போய்விட்டாரா? மேலிடத்துக்குப் புகார் எழுதுகிறாரா? ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்லும் சுமை அவர் தலையில் விழும். அவரோ ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறார். கேட்கக் கூடாது என்று முடிவு செய்தாள். ரெண்டு நிமிடத்துக்கு ஒரு வரி மட்டும் அனுப்பினாள்.

"உங்க கிளினிக்கைக் கூப்பிட்டேன். மூணு மணி வரைக்கும் சாப்பாட்டு நேரம், எடுக்கலை."

"எங்க கருவி அறைக்காரர் உங்க பழைய அளவைத் தேடிக்கிட்டிருக்கார். நீங்க பதில் எழுத வேண்டியதில்லை."

"உங்க கோப்பு கிடைச்சிடுச்சு. திறந்துக்கிட்டிருக்கார்."

"திறந்தாச்சு. இது பதினாலு மாசத்துக்கு முந்தின அளவு. நாலு மாசம் முன்னாடி கிளினிக்ல ஏதோ மாத்தியிருக்காங்க, அது எங்ககிட்ட இல்லை. அதனால முழுசா பழைய மாதிரி ஆயிடும்னு சொல்ல முடியாது. முக்கால்வாசி வரும்."

கடைசி வரியைப் பார்த்து மேற்பார்வையாளர் பக்கத்திலிருந்தே முனகினார். "முக்கால்வாசின்னு ஏன் அக்கா சொல்றீங்க, வரும்னு சொன்னா போதாதா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோராவது நிமிடம் மூன்றாவது ஜன்னலில் புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன.

"பயங்கரக் கோபத்துல இருக்கேன். ஆனா படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். என்ன செய்யணும் சொல்லு."

அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்க நேரமில்லை. போனையும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பழைய அளவு போன் வழியாகக் கருவியில் ஏற ஒன்பது நிமிடம் ஆகும், இடையில் எடுக்காதீர்கள் என்று எழுதினாள். இந்தத் தடவை ஒவ்வொரு படியையும் அனுப்புவதற்கு முன் ரெண்டு முறை படித்தாள். அவரும் பழையபடி ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்டார். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று அவளுக்கு இருந்தது. முதல் தடவை அறுந்துபோய்ப் பாதியில் நின்றது. ரெண்டாம் தடவைதான் ஏறியது. ரெண்டு மணி அஞ்சுக்கு, பின்னால் யாரையாவது நிற்கவைத்து மெதுவாகப் பேசச் சொல்லிப் பாருங்கள் என்றாள்.

"என் வீட்டுக்காரி பேசினா. கேட்டுச்சு. என்னைத்தான் திட்டினா" என்று வந்தது. அடுத்த நிமிடம், "கிளம்பறேன்" என்று வந்தது. அவ்வளவுதான். ஜன்னல் மூடியது.

மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. அவள் வேறு வேறு ஜன்னல்களில் வேறு வேறு ஆட்களோடு இருந்தாள், ஆனால் அந்த மூன்றாம் அட்டையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தாள். மேற்பார்வையாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆறாம் விதியை மீறியதற்கான விளக்கக் கடிதம், கீழே கையெழுத்து. அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. "நான் போடலைன்னா மேல கேப்பாங்க அக்கா" என்றார். அவள், "நான் பண்ணேன், அதை எழுதியிருக்கீங்க. இதுல என்ன இருக்கு?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். கடிதம்கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் வீட்டுக்குப் போக வேண்டுமே என்பதுதான் அவளை அரித்தது.

நாலே காலுக்குப் பக்கத்து மேஜைப் பெண் தலையைத் தூக்கினாள். "ஏய், ஒரு ஆளு வந்து, 'மத்தியானம் தப்பு பண்ணது நீங்களா?'ன்னு கேக்கறார். இல்லைன்னேன். மூடிட்டுப் போயிட்டார்."

ரெண்டு நிமிடத்தில் மூலையிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "எனக்கும் அதே ஆளு. நான் இல்லைன்னதும் ஓடிட்டார்."

எந்த மேஜைக்கு யார் போவது என்று கம்ப்யூட்டர்தான் பிரித்துக் கொடுக்கும். ஆளைக் கேட்டு வாங்க முடியாது. அவர் மூடுகிறார், மறுபடி வரிசையில் நிற்கிறார், வேறு மேஜைக்குப் போகிறார், மறுபடி மூடுகிறார். தளம் முழுக்கக் குசுகுசுப்பு. "அக்கா, உங்களைத்தான் தேடுறார். நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. மேற்பார்வையாளர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார், திட்டு விழுந்தால் சேர்ந்து வாங்குவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாற்பத்தெட்டுக்கு அவள் ஸ்கிரீனில் ஒரு ஜன்னல் மின்னியது.

"மத்தியானம் தப்பு பண்ணது நீங்களா?"

"ஆமாங்க. நான்தான்."

"அப்பாடா. பதினோரு பேரைத் தாண்டி வந்திருக்கேன்."

"என்ன ஆச்சு?" என்று அடித்தாள். ஒரே ஒரு கேள்வி.

அவர் மூன்று மூன்று வார்த்தையாகச் சொன்னார். முதல் சோதனையில் தேறவில்லை. போன வருடத்துச் சீட்டையும் இதையும் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர், காது இன்னும் மோசமாகிவிட்டது, இனி மேலே ஏற வேண்டாம் என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் இவர் போனை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"நீங்க எழுதினது அப்படியே இருந்துச்சு. தேதி, நேரம் எல்லாம். உங்க தப்புன்னு. கருவியில கோளாறு இல்லை, அளவு அழிஞ்சுபோச்சு, நாலு மாசம் முன்னாடி மாத்தின அளவு கிளினிக்லதான் இருக்குன்னு. டாக்டர் ரெண்டு தடவை படிச்சார். நான் வாயால சொல்லியிருந்தா சாக்கு சொல்றேன்னுதான் நினைச்சிருப்பார். பேனாவை மூடினார். அவரே கிளினிக்கைக் கூப்பிட்டு, அந்த அளவை என் போனுக்கு அனுப்ப வெச்சு, அரை மணி உக்கார வெச்சு, மறுபடி பண்ணார்."

புள்ளிகள் துடித்தன. துடித்துக்கொண்டே இருந்தன. தட்டெழுத்தில் இவ்வளவு மெதுவான மனிதரை அவள் பார்த்ததே இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டார்."

பின்னால் நின்ற மேற்பார்வையாளர் மூச்சு விட்டது கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இப்போது நேரம் இருந்தது. ரொம்ப சந்தோஷம் என்று எழுதினாள். பிறகு மத்தியானத்திலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டே விட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பதினோரு நிமிஷம் பதிலே இல்லையே, என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"கருவியைச் சுவத்துல வீசலாம்னு கையில எடுத்தேன். அப்பப் பாத்து ஒரு வரி வந்துச்சு. சரி, இதைப் படிச்சுட்டு வீசலாம்னு இருந்தேன். அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு. அடுத்தது வருதான்னு பாத்துட்டு வீசலாம்னு நினைச்சேன். வந்துக்கிட்டே இருந்தா எப்படி வீசுறது?"

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். தளமே திரும்பிப் பார்த்தது.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மேல ஏறணும்" என்று அவர் எழுதினார். "கீழேர்ந்து கூப்பிடறது இடது காதுல கேக்கணும். கேக்கலைன்னா உங்ககிட்டதான் வருவேன்."

"தாராளமா வாங்க. ஆனா நானே எடுப்பேன்னு சொல்ல முடியாது. யாருக்குப் போகும்னு எங்களுக்கே தெரியாது. மத்தவங்களும் நல்லாப் பாப்பாங்க."

"பாப்பாங்க. ஆனா அவங்க தப்பு பண்ணா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதே" என்று வந்தது. "நான் உங்களைத் தேடிக்கிறேன்."